மாடி எடுக்க எது சரி: செங்கல்லா, இரும்புச் சட்டகமா, தொழிற்சாலை அறையா?

கட்டடப் பொறியாளராக என்னிடம் இப்போது அடிக்கடி வரும் கேள்வி இது. 1980களிலோ 90களிலோ கட்டிய தரைத்தள வீடு. மகனுக்குத் திருமணம் நிச்சயமாகிவிட்டது, அல்லது ஊரிலிருக்கும் பெற்றோர் கூட வந்து தங்கப்போகிறார்கள். மொட்டை மாடியில் இரண்டு அறை, ஒரு குளியலறை, சின்னதாக ஒரு சமையலறை என்று 500 சதுர அடி வேண்டும். கொத்தனார் ஒரு தொகை சொல்கிறார். பாகங்களையோ முழு அறையையோ தொழிற்சாலையில் செய்து கொண்டுவந்து பொருத்தும் மாடுலர் கட்டுமான நிறுவனம் இன்னொரு தொகை சொல்லி, கூடவே மூன்று வாக்குறுதிகளும் தருகிறது: விரும்பியபடி வடிவமைக்கலாம், பிற்காலத்தில் நீட்டலாம், வேண்டாமென்றால் கழற்றிக்கொண்டு போகலாம்.

அந்த மூன்றும் உண்மைதான். ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு கெடு இருக்கிறது, அதை யாரும் சொல்வதில்லை. மாடுலரில் வடிவமைப்புச் சுதந்திரம் ஆர்டர் கொடுக்கும் நாள்வரை மிக அதிகம். அதற்கு மறுநாள் மிகக் குறைவு. செங்கல் வீட்டில் தொடக்கத்தில் அவ்வளவு சுதந்திரம் இல்லை, ஆனால் சுவர் எழும்பிய பின்னும் ஜன்னலை ஓர் அடி தள்ளலாம். உங்கள் குடும்பம் எப்போது மனம் மாற்றும் குடும்பம் என்பது சதுர அடி விலையைவிடப் பெரிய கேள்வி.

## எவற்றை வைத்து எடை போடுவது

முதல் அளவுகோல் எடைதான். கீழே இருக்கும் சுவரும் அஸ்திவாரமும் எவ்வளவு தாங்கும் என்று தெரியாமல் மற்ற எதையும் பேசிப் பயனில்லை. அடுத்தது தெரு: லாரியும் கிரேனும் வருமா? மூன்றாவது, வேலை நடக்கும் காலத்தில் கீழே குடியிருக்க முடியுமா? நான்காவது, வடிவத்தை எப்போதுவரை மாற்றலாம்? ஐந்தாவது, வெயில், மழை, காற்று. கடைசியாக முழுச் செலவு. விலைப்பட்டியலில் இல்லாததையும் சேர்த்துத்தான் முழுச் செலவு என்கிறேன்.

எடையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 9 அங்குலச் செங்கல் சுவர், 3 மீட்டர் உயரத்துக்கு, நீளத்தில் ஒவ்வொரு மீட்டருக்கும் ஏறக்குறைய 1.3 டன். 20க்கு 25 அடி வீட்டின் வெளிச்சுவர் மட்டும், கதவு ஜன்னல் போக, 30 டன் வரும். மேலே 5 அங்குலக் கான்கிரீட் தளம் இன்னொரு 14 டன். உள்சுவர், பூச்சு, தரை எல்லாம் இதற்குமேல். இதே அளவில் மெல்லிரும்புச் சட்டகம் நிறுத்தி, இருபுறமும் சிமெண்ட் போர்டு அடித்து, மேலே வெப்பம் தடுக்கும் காப்புத் தகடு போட்டால் வெளிச்சுவரும் கூரையும் சேர்ந்தே 5 டன் அளவில் முடிந்துவிடும். ஒன்பதில் ஒரு பங்கு. ஆனால் அங்கே வாழப்போகும் மனிதர்கள், கட்டில், பீரோ, தண்ணீர்த் தொட்டி ஆகியவற்றின் எடை எந்த முறையிலும் குறையாது. வீட்டுத் தளத்துக்குச் சதுர மீட்டருக்கு 200 கிலோ என்று விதி கணக்கு வைக்கிறது.

எதைக் கட்டினாலும் கிடைக்கும் ஒரு லாபம் உண்டு. பழைய மொட்டை மாடியில் சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் கலந்த சுருக்கி போட்டுத் தட்டோடு பதித்திருப்பார்கள். அது சதுர மீட்டருக்கு 100 கிலோவுக்கு மேல் கனம். மாடி வந்தபின் அது அங்கே தேவையில்லை. அதைப் பெயர்த்து எடுத்தாலே கீழ்ச்சுவரின் பாரம் கணிசமாகக் குறையும்.

இன்னொன்று. "அப்போதே கம்பி விட்டு வைத்திருக்கிறோம் சார், மாடி தாங்கும்" என்று பலர் சொல்கிறார்கள். மாடியின் நான்கு மூலையிலும் நீட்டிக்கொண்டிருக்கும் அந்தக் கம்பிகளைப் போய்ப் பாருங்கள். முப்பது வருட மழையில் அடிப்பகுதி துரு தின்று இளைத்திருக்கும், கையால் உரசினால் செதில் உதிரும். கம்பி விட்டதால் மாடி கட்டும் எண்ணம் அன்று இருந்தது என்றுதான் தெரிகிறது. அதற்கேற்ற அஸ்திவாரம் போட்டார்களா என்பது தோண்டிப் பார்த்தால்தான் தெரியும்.

## செங்கல்லும் கான்கிரீட்டும்

இதன் பெரிய பலம், நம் ஊரில் எல்லாருக்கும் இது தெரியும் என்பது. எந்தத் தெருவிலும் நடக்கும். லாரி வராத சந்தில் தலைச்சுமையாகவே செங்கல் ஏறிவிடும். கொத்தனார் போனாலும் இன்னொரு கொத்தனார் வந்து தொடர்வார். எங்கு வேண்டுமானாலும் ஆணி அடிக்கலாம். வீட்டில் மின்விசிறிக் கொக்கி, ஊஞ்சல் கொக்கி என்று நினைத்த இடத்தில் கான்கிரீட் போடும் அன்று காலைவரை சொல்லிக்கொள்ளலாம். நாள்தோறும் வந்து பார்த்து, பார்க்கப் பார்க்கத் தீர்மானிக்கும் குடும்பத்துக்கு இதைவிட இணக்கமான முறை இல்லை.

காலம்தான் இதன் விலை. சென்ட்ரிங் அடித்துக் கம்பி கட்டித் தளம் போட்டபின், 4.5 மீட்டர் வரை அகலமுள்ள தளத்துக்கு முட்டுகளை 7 நாளும், அதைவிட அகலமான தளத்துக்கு 14 நாளும் எடுக்கக் கூடாது என்கிறது இந்தியத் தரக் குறியீடு 456. கான்கிரீட்டின் முழு வலிமையை 28 நாளில்தான் கணக்கிடுகிறோம். சுவருக்கும் பூச்சுக்கும் தண்ணீர் காட்டும் நாட்கள் தனி. நான் பார்த்த 500 சதுர அடி மாடிகள் ஐந்து மாதத்துக்குக் குறைந்து முடிந்ததில்லை. வடகிழக்குப் பருவமழை நடுவில் வந்தால் ஏழு. இந்தக் காலம் முழுக்கக் கீழே குடியிருப்பவர்கள் எம்-சாண்ட் தூசியோடும், கூரையில் கசியும் தண்ணீரோடும் வாழ வேண்டும். ஆஸ்துமா உள்ள பெரியவர் வீட்டில் இருந்தால், ஆறு மாத வாடகை வீட்டுச் செலவையும் செங்கல் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.

அஸ்திவாரத்தை வலுப்படுத்த வேண்டி வந்தால் கணக்கே புரண்டுவிடும். பள்ளிக்கரணைச் சதுப்பை ஒட்டிய களிமண் பகுதிகளில் பழைய வீட்டின்மேல் 50 டன் ஏற்றுவதற்கு முன் நான் இருமுறை யோசிப்பேன். கீழ்த்தளத்துச் சுவரில் குறுக்கு விரிசல் இருந்தால் அந்த யோசனையைக்கூடச் செய்ய மாட்டேன்.

## மெல்லிரும்புச் சட்டகமும் பலகைகளும்

தொழிற்சாலையில் கால்வனைஸ் செய்த மெல்லிய இரும்புத் தகட்டை மடித்து, துளையிட்டு, எண் குறித்து அனுப்புகிறார்கள். கட்டும் இடத்தில் திருகு போட்டுச் சட்டகமாக நிறுத்தி, நடுவில் காப்புப் பொருள் நிரப்பி, போர்டு மூடுகிறார்கள். அறையாக வராமல் துண்டுகளாக வருவதால், சிறிய வண்டியே போதும். இரண்டு பேர் ஒரு சட்டத்தைத் தூக்கிப் படிக்கட்டில் ஏறிவிடலாம். பழைய வீட்டின்மேல் மாடி எடுப்பவர்களில் பெரும்பாலோருக்கு நான் முதலில் பார்க்கச் சொல்வது இதைத்தான்.

வடிவமைப்பில் இது நிஜமாகவே தாராளம். சாய்வுக் கூரை, மூலை ஜன்னல், கோணலான மனைக்கேற்ற கோணலான சுவர் எதுவும் தடையில்லை. உள்சுவர்களில் சில வெறும் தடுப்புதான், பத்து வருடம் கழித்து எடுத்துவிட்டு இரண்டு அறையை ஒன்றாக்கலாம். எது தடுப்பு, எது பாரம் தாங்குவது என்று குறித்த வரைபடத்தை நிறுவனத்திடம் கேட்டு வாங்கிப் பத்திரத்தோடு வையுங்கள். அந்தக் காகிதம் இல்லாவிட்டால் 'பின்னால் மாற்றலாம்' என்ற வாக்குறுதி காற்றில் போய்விடும்.

தாம்பரம் பக்கத்தில் ஒரு வீட்டுக்கு இப்படி வரைபடம் போட்டு, கையெழுத்துக்காக எல்லாரும் உட்கார்ந்திருந்தோம். அதுவரை பேசாமல் இருந்த பாட்டி, "தூளி எங்கே கட்டுவது?" என்று கேட்டார். மருமகள் நிறைமாதம். எல்லாரும் வரைபடத்தைப் பார்த்தோம். மேலே இருந்தது காப்புத் தகடு, அதில் ஒரு காலண்டர் தொங்கவிடலாம், குழந்தையைத் தொங்கவிட முடியாது. அன்றே அந்த அறையின் நடுவில் குறுக்காக ஓர் இரும்புச் சட்டத்தைச் சேர்த்து, அதில் கொக்கியைப் பற்றவைக்கச் சொல்லி வரைந்தோம். கூடுதல் செலவு மிகச் சிறியது. ஒரு மாதம் கழித்துக் கேட்டிருந்தால் கூரையைத் திறந்திருக்க வேண்டும். இப்போது எந்த வீட்டுக்குப் போனாலும் வீட்டின் மூத்த பெண்மணியிடம் வரைபடத்தைக் கொடுத்து, ஒரு வாரம் வைத்திருக்கச் சொல்கிறேன். தூளி, ஊஞ்சல், அலமாரி, சாமி மாடம், கிரைண்டர், குளியலறையில் பெரியவர்கள் பிடிக்கும் கைப்பிடி என்று பாரம் தொங்கும் இடம் ஒவ்வொன்றுக்கும் போர்டுக்குப் பின்னால் முன்கூட்டியே தாங்கு வைக்க வேண்டும்.

காற்றுக்கு இந்த முறை தனிக் கவனம் கேட்கிறது. செங்கல் வீடு தன் கனத்தாலேயே நிற்கும். லேசான மாடியைப் புயல் தூக்கப் பார்க்கும். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா சென்னையைக் கடந்தபோது தகரக் கூரைகள் பறந்ததைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சென்னைக்கு வடிவமைப்புக் காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர். அந்தக் கணக்கின்படி, சட்டகத்தைப் பழைய தளத்தோடும் அதன் கீழுள்ள சுவரோடும் பிணைக்கும் நங்கூரப் போல்ட்டுகள் எத்தனை, எவ்வளவு ஆழம் என்று எழுத்தில் வாங்குங்கள். பழைய கான்கிரீட் நொறுங்கலாக இருந்தால் போல்ட் பிடிக்காது. அப்போது தளத்தைச் சுற்றி ஒரு கான்கிரீட் பெல்ட் போட்டுத்தான் ஆக வேண்டும்.

வெப்பத்தைப் பற்றிப் பலருக்கு அச்சம் இருக்கிறது. 9 அங்குலச் சுவர் பகல் வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு இரவில் அறைக்குள் விடும், மேற்குச் சுவர் அறையில் மே மாதம் தூங்கியவர்களுக்குத் தெரியும். காப்புள்ள லேசான சுவர் அப்படித் தேக்குவதில்லை, மாலை ஏழு மணிக்கே ஆறிவிடும். ஆனால் காப்பு மெலிந்தால் மதியம் இரண்டு மணிக்கு அடுப்பாகும். காப்புப் பொருள் எது என்றும் கேளுங்கள். பஃப் எனப்படும் நுரை நன்றாகத் தடுக்கும், ஆனால் தீப்பிடித்தால் நச்சுப் புகை விடும். சமையலறைச் சுவரில் எரியாத பாறைப் பஞ்சான ராக்வூல் போடச் சொல்வதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

மறைந்திருக்கும் செலவில் முதலாவது குளியலறை. போர்டுச் சுவரில் நீர்த்தடுப்பு சரியில்லை என்றால் கசிவு வெளியே தெரிவதற்குள் உள்ளே சட்டகம் நனைந்து கிடக்கும். இரண்டாவது உப்புக்காற்று. கடற்கரையிலிருந்து இரண்டு மூன்று கிலோமீட்டருக்குள் வீடு இருந்தால் துத்தநாகப் பூச்சின் அளவைக் கூட்டச் சொல்லி அதற்கான விலையைக் கொடுங்கள். மூன்றாவது வரி. ஒற்றை வீட்டுக்குக் கொத்தனாரோடு செய்யும் வெறும் கூலி ஒப்பந்தத்துக்கு ஜிஎஸ்டி விலக்கு உண்டு, பொருளுக்கு மட்டும் வரி கட்டுவீர்கள். தொழிற்சாலைக் கட்டடத்தின் பில்லில் கூலியும் உள்ளடங்கிய முழுத் தொகைக்கும் 18 சதவீதம் ஏறும். இரண்டு விலைப்பட்டியலையும் ஒப்பிடும்போது 'வரி உட்பட' என்ற வரியைத் தேடுங்கள்.

## முழு அறையாக வருவது

சுவர், தரை, கூரை, மின்கம்பி, குழாய், சில நேரம் டைல்ஸ்கூட ஒட்டி, ஓர் அறையைப் பெட்டி போலச் செய்து லாரியில் கொண்டுவந்து கிரேனால் தூக்கி வைப்பது இது. கனடாவின் மொன்றியாலில் 354 கான்கிரீட் பெட்டிகளை அடுக்கிக் கட்டிய ஹாபிடாட் 67 இந்த முறைக்கு உலகமே பார்த்த முன்னோடி. சிங்கப்பூரில் 2014 முதல், அரசு விற்கும் குறிப்பிட்ட மனைகளில் இந்த முறையைக் கட்டாயமாக்கியிருக்கிறார்கள். அங்கே 40 மாடிக் குடியிருப்புகளே இப்படி எழுந்திருக்கின்றன. தொழிற்சாலைத் தரையில், வெயில் மழை படாமல், ஒரே அளவில் திரும்பத் திரும்பச் செய்வதால் வேலை சுத்தமாக இருக்கும், சேதாரம் குறையும். தளத்தில் மூன்று நான்கு நாளில் அறை நின்றுவிடும். மருத்துவமனை, தொழிலாளர் விடுதி, பள்ளி வகுப்பறை போல ஒரே மாதிரி அறை இருபது முப்பது வேண்டுமென்றால் இதைவிடச் சிறந்த வழி எனக்குத் தெரியவில்லை.

ஒரு வீட்டு மாடிக்கு வரும்போது சாலைதான் அறையின் அகலத்தைத் தீர்மானிக்கிறது. நம் நாட்டில் வாகன அகலத்துக்கு வரம்பு 2.6 மீட்டர், அதாவது எட்டரை அடி. அதற்கு மேல் போனால் தனி அனுமதி வேண்டும். எட்டரை அடியில் சுவரின் கனத்தைக் கழித்தால் உள்ளே ஏழே முக்கால் அடி. அதில் கட்டில் போட்டால் ஓரமாக நடக்கத்தான் இடம். 14 அடி அகலக் கூடம் வேண்டுமென்றால் இரண்டு பெட்டியை அருகருகே வைத்து நடுச்சுவரை நீக்க வேண்டும், அந்த இணைப்பின் மேலேதான் முதல் மழையில் ஒழுகும். பழைய சரக்குக் கன்டெய்னரில் இந்த நெருக்கடி இன்னும் அதிகம். உள் அகலம் 2.35 மீட்டர்தான், பக்கத் தகட்டை வெட்டி ஜன்னல் வைக்க வைக்க அதன் வலு குறையும், எடை முழுதும் நான்கு மூலையில் இறங்கும். கீழே அந்த மூலைகளுக்கு நேராகச் சுவரோ தூணோ இல்லாத பழைய வீட்டில் அதை நான் வைக்க விடமாட்டேன்.

அறை தயாராகி, தெருமுனைவரை வந்து நின்றுவிட்ட ஒரு காலை எனக்கு மறக்காது. நிறுவனத்தார் தெருவின் அகலத்தை அளந்திருந்தார்கள், மின்வாரியத்தில் சொல்லிக் கம்பியில் மின்சாரமும் நிறுத்தியாயிற்று. கிரேன் தன் பக்கவாட்டுக் கால்களை விரித்தபோது ஒரு கால் மழைநீர் வடிகாலின் மூடியின்மேல் போய் நின்றது. மூடி கீறல் விட்டது. ஓட்டுநர் உடனே இறங்கிவிட்டார். பின்னால் தள்ளி நிறுத்தினால் கை நீட்டம் அதிகமாகும், நீட்டம் கூடக் கூடக் கிரேன் தூக்கும் எடை வேகமாகக் குறையும். அன்று அறை திரும்பிப் போனது. பெரிய கிரேன் பத்து நாள் கழித்துத்தான் வந்தது. இரண்டு நாள் வாடகையும், லாரி காத்திருந்த கட்டணமும் வீட்டுக்காரர் தலையில் விழுந்தன, ஏனென்றால் ஒப்பந்தத்தில் 'தளத்துக்கு வழி ஏற்படுத்தித் தருவது உரிமையாளர் பொறுப்பு' என்று ஒரு வரி இருந்தது. அதை நானும் சேர்ந்தே படித்திருக்க வேண்டும்.

'கழற்றி மாற்றலாம்' என்ற வாக்குறுதிக்கு ஜப்பானில் ஒரு சாட்சி இருந்தது. டோக்கியோவில் கிஷோ குரோகாவா வடிவமைத்து 1972இல் கட்டி முடித்த நகாகின் கேப்சூல் கோபுரம். 140 அறைப்பெட்டிகள், ஒவ்வொன்றும் நடுத் தூணோடு நான்கு போல்ட்டில் பிணைக்கப்பட்டவை. 25 வருடத்துக்கு ஒருமுறை கழற்றிப் புதிதாக மாற்றுவதே எண்ணம். ஒரு பெட்டிகூட மாற்றப்படவில்லை. கீழே இருப்பதை எடுக்க மேலே இருப்பவற்றை எடுக்க வேண்டும், எல்லா உரிமையாளர்களும் ஒரே நேரத்தில் பணம் போட வேண்டும். 2022இல் கோபுரத்தையே பிரித்தார்கள். கழற்றுவதற்கு வசதியாகக் கட்டுவது ஒன்று, கழற்றும் நாளில் கிரேனும் பணமும் வேறொரு மனையும் தயாராக இருப்பது இன்னொன்று. உங்களுக்குச் சொந்த மனை இன்னொன்று இருந்து, ஐந்து வருடத்தில் அங்கே போகும் திட்டமும் இருந்தால் மட்டும் இந்த வசதிக்குப் பணம் கொடுங்கள்.

## வார்த்தெடுத்த கான்கிரீட் பலகை

சுவரையும் தளத்தையும் அச்சில் முன்பே வார்த்து, கொண்டுவந்து பொருத்தும் முறை இது. கேட்பவர்களுக்காக இரண்டு வார்த்தை. பெரும்பாக்கத்தில் மத்திய அரசின் லைட் ஹவுஸ் திட்டத்தில் 1,152 வீடுகளை இப்படித்தான் கட்டினார்கள். 2021 ஜனவரி 1 அன்று அடிக்கல், 2022 மே 26 அன்று திறப்பு. அந்த வேகம் ஒரே அச்சில் ஆயிரம் முறை வார்ப்பதால் வருவது. ஒரு வீட்டு மாடிக்கு அச்சுச் செலவே கட்டுப்படியாகாது, எடையும் செங்கல்லுக்குக் குறைந்ததில்லை. சென்னை ஐஐடி வளாகத்தில் 2013இல் கண்ணாடி இழை சேர்த்த ஜிப்சம் பலகைகளால் இரண்டு மாடி மாதிரிக் கட்டடத்தை ஏறக்குறைய ஒரு மாதத்தில் எழுப்பினார்கள். அது நல்ல முறை. ஆனால் 12 மீட்டர் நீளப் பலகையை லாரியில் கொண்டுவந்து கிரேனில் தூக்கும் புதிய மனைக்குத்தான் பொருந்தும்.

## ஒரே பார்வையில்

| | செங்கல், கான்கிரீட் | இரும்புச் சட்டகம் | முழு அறை |
|---|---|---|---|
| கீழே ஏறும் எடை | மிக அதிகம் | மிகக் குறைவு | குறைவு, ஆனால் மூலைகளில் குவியும் |
| தளத்தில் வேலை நாள் | 5 முதல் 7 மாதம் | 6 முதல் 8 வாரம் | 3, 4 நாள் |
| அதற்கு முன் காத்திருப்பு | இல்லை | வரைபடத்துக்கும் தயாரிப்புக்கும் 6 வாரம் அளவில் | 2, 3 மாதம் |
| குறுகிய தெரு | சிக்கலில்லை | சிக்கலில்லை | பெரும்பாலும் முடியாது |
| ஆர்டருக்குப் பின் மாற்றம் | எளிது | உள்சுவர் மட்டும் | ஏறக்குறைய இல்லை |
| அகலமான கூடம் | முடியும் | முடியும் | இணைப்பு வைத்துத்தான் |
| வங்கிக் கடன் | பழகிய வழி | கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் | கடினம் |

நாட்கள் நான் பார்த்த வேலைகளை வைத்துச் சொல்வது. கடன் வரிசைக்கு ஒரு விளக்கம்: வங்கி அஸ்திவாரம், லிண்டல், தளம் என்று கட்டம் கட்டமாகப் பணம் விடும். தொழிற்சாலை, பொருள் கிளம்புமுன் பெரும் பகுதியைக் கேட்கும். அந்த இடைவெளிக்குக் கைப்பணமோ நகைக் கடனோ தேவைப்பட்டால் அதன் வட்டியும் வீட்டுச் செலவுதான். முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் வங்கியின் மதிப்பீட்டாளரிடம் பேசிவிடுங்கள்.

மூன்றில் எந்த முறையில் கட்டினாலும் அனுமதி வாங்க வேண்டும். 'இது தற்காலிகக் கட்டடம், அனுமதி வேண்டாம்' என்று விற்பனையாளர் சொன்னால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் 2024 முதல், 2,500 சதுர அடி வரை மனையில் 3,500 சதுர அடி வரையிலான வீட்டுக்குச் சுயசான்று முறையில் அனுமதி பெறும் வழி இருக்கிறது. உங்கள் பழைய தரைத்தளத்தின் அனுமதிப் படம் கையில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், பலருக்கு அங்கேதான் இடிக்கிறது.

## யாருக்கு எது

கீழ்வீடு தூண்களோடு கட்டியது, அஸ்திவாரம் தோண்டிப் பார்த்து நன்றாக இருக்கிறது, அவசரமில்லை, வாடகைக்குப் போய் இருக்கவும் இடமுண்டு என்றால் செங்கல் எடுங்கள். ஐம்பது வருடத்துக்குப் பிறகும் அதைப் பழுது பார்க்க ஆள் கிடைப்பார். பின்னால் இன்னொரு மாடிகூட எழுப்பும் எண்ணம் இருந்தாலும் இதுவே.

தூணில்லாமல் சுவரே பாரம் தாங்கும் பழைய வீடு, குறுகிய தெரு, கீழே பெரியவர்கள், நான்கு மாதத்தில் திருமணம். இப்படியென்றால் இரும்புச் சட்டகம். ஆனால் வரைபடத்தில் கையெழுத்துப் போட அவசரப்படாதீர்கள். உட்கார்ந்து பேசும் அந்த மூன்று வாரம்தான் உங்கள் வடிவமைப்புச் சுதந்திரம் முழுவதும்.

40 அடிச் சாலை, தலைக்குமேல் கம்பி இல்லை, ஒரே ஓர் அலுவலக அறையோ மருத்துவரின் ஆலோசனை அறையோ போதும், அளவிலும் வடிவிலும் மனம் மாறாது என்றால் முழு அறையை வரவழையுங்கள். கிரேன் நிற்கப்போகும் இடத்தில் தரைக்கடியில் வடிகாலோ குழாயோ இருக்கிறதா என்று நீங்களே நடந்து போய்ப் பாருங்கள், வழிக்கான பொறுப்பு யாருடையது என்ற வரியைத் திருத்தி எழுத வையுங்கள்.

மூன்றில் எதுவானாலும் முன்பணம் கொடுக்குமுன் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. வீட்டின் இரண்டு மூலையில், வெளிச்சுவரை ஒட்டி, அஸ்திவாரத்தின் அடி தெரியும்வரை குழி தோண்டிப் பாருங்கள். இரண்டு ஆள், ஒரு நாள் கூலி. அடிமட்டம் எந்த ஆழத்தில் இருக்கிறது, எவ்வளவு அகலம், கருங்கல்லா செங்கல்லா, மண் என்ன மண் என்று ஒரு பொறியாளரை வைத்துக் குறித்துக்கொண்டு, புகைப்படமும் எடுத்து, மண்ணைத் தள்ளி நன்றாக இடித்து மூடிவிடுங்கள். மழைக்கு முன்னால் தோண்டுங்கள். தண்ணீர் நிற்கும் குழியில் எதுவும் தெரியாது.